சேவைகளுக்கு நடுவே தரவு வகைகள்: கம்பைலரின் துணையோடு பரவல் அமைப்பைப் பாதுகாக்கும் வழிமுறை

ஒரே நிரலாக இயங்கும்போது கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும்போதே வகைப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) தருகிற உறுதி, அந்த நிரல் மூன்று நான்கு சேவைகளாகப் பிரிந்து வலையமைப்பின் வழியே பேசத் தொடங்கியதும் பெருமளவு மறைந்துவிடுகிறது. அனுப்பும் பக்கத்தில் ‘நோயாளி எண்’ என்ற வகையோடு இருந்த மதிப்பு, வழியில் வெறும் பைட்டுகளாகவே செல்கிறது; பெறும் பக்கம் அதை என்னவென்று எடுத்துக்கொள்கிறதோ அதுவே அதன் வகையாகிவிடுகிறது. தாக்குபவர் தேடி வருவதும் இந்த இடத்தைத்தான்.

நிரல் இயங்குமுன் கம்பைலர் சரிபார்க்கும் நிலையான தரவு வகைகளைப் பாதுகாப்புக்குப் பயன்படுத்துவது பற்றிக் கோட்பாட்டு நூல்களுக்குக் குறைவில்லை. ஆனால், இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம், எந்த ஆவணம் இல்லாமல் தொடங்கவே கூடாது என்று வரிசையாகச் சொல்லும் குறிப்பு ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. தட்டுத்தடுமாறி நான் வந்துசேர்ந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு நிரலாக்கம் தெரியும், வகைக் கோட்பாடு தெரியாது என்று எடுத்துக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டுக்காக நான்கு சேவைகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பரிசோதனை முடிவுகளை வைத்திருக்கும் ஆய்வகச் சேவை, அவற்றைப் பார்க்கும் மருத்துவர் சேவை, பணம் கணக்கிடும் கட்டணச் சேவை, குறுஞ்செய்தி அனுப்பும் அறிவிப்புச் சேவை.

1. குறிமுறையைத் தொடுமுன் எல்லைப் படம் எழுதுங்கள்

முதல் ஆவணம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். எந்தச் சேவை எந்தச் சேவையோடு பேசுகிறது, ஒவ்வொரு கோட்டிலும் என்ன செய்தி போகிறது, அந்தச் செய்தியில் எது இரகசியம், மறுமுனையில் இருப்பவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற நான்கையும் அதில் எழுதுங்கள். நம்பிக்கையை இரண்டாகப் பிரித்து எழுதுவது அவசியம்: ‘இவர் இதைப் படிக்கலாமா’ என்பது ஒரு கேள்வி, ‘இவர் சொல்வதை ஏற்கலாமா’ என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. கட்டணச் சேவை சொல்லும் விலையை நாம் ஏற்கிறோம். ஆனால் பரிசோதனை முடிவைப் படிக்க அதற்கு உரிமை கிடையாது. பிற்பாடு நீங்கள் எழுதப்போகும் வகைகள் எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்தே பிறக்கும் என்பதால், இதைத் தவிர்த்துவிட்டு நேராக வகை எழுதத் தொடங்குபவர்கள், அழகான ஆனால் எந்தத் தாக்குதலையும் தடுக்காத வகைகளை எழுதி முடிக்கிறார்கள்.

2. உங்கள் மொழியின் ஓட்டைகளைப் பட்டியலிடுங்கள்

மொழியை மாற்றும் வாய்ப்பு பெரும்பாலோருக்கு இருக்காது. இருக்கும் மொழியில் வகைகளை எந்த வழியாக ஏமாற்ற முடியும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

டைப்ஸ்கிரிப்டில் வகைகள் கம்பைல் ஆனதும் அழிந்துவிடுகின்றன; இயங்கு நேரத்தில் அவை எதையும் சரிபார்ப்பதில்லை. ஜேசான் (சேவைகள் தரவைப் பரிமாறும் உரை வடிவம்) சரத்தைப் பிரித்துத் தரும் உள்ளமைச் செயற்கூறு எதையும் ஏற்கும் ‘எனி’ என்ற வகையைத் திருப்பித் தருவதால், அதை எந்த வகைக்குள் வேண்டுமானாலும் கம்பைலரின் ஆட்சேபம் இல்லாமல் ஊற்றிவிடலாம். கோ மொழியில், ஒரு ஸ்ட்ரக்டின் (பல புலங்களைச் சேர்த்த வகையின்) உறுப்புகளை மறைத்து வைத்தாலும், அதன் வகைப் பெயர் வெளியே தெரிந்தால் எவரும் அதன் வெறுமையான மதிப்பை உருவாக்கிக்கொள்ளலாம். ஆகவே ‘சரிபார்க்கப்பட்ட அனுமதி’ என்ற வகைக்கு வெறுமையான மதிப்பு ஒருபோதும் செல்லுபடியாகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாவாவில் எந்தப் பொருளின் இடத்திலும் வரக்கூடிய நல் (வெற்று) மதிப்பும், மறைத்த உறுப்பையும் இயங்கு நேரத்தில் தொடவிடும் ரிஃப்ளெக்‌ஷனும் இருக்கின்றன. ரஸ்டில் கம்பைலரின் சில சோதனைகளைத் தாண்டவிடும் ‘அன்சேஃப்’ தொகுதிகள், ஹாஸ்கெல்லில் ‘அன்சேஃப்’ என்று தொடங்கும் செயற்கூறுகள்.

எர்லாங் குடும்பத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே குக்கீயை (பொது இரகசியச் சொல்லை) பகிரும் கணுக்கள் (இயங்கும் எர்லாங் பிரதிகள்) ஒன்றின்மேல் ஒன்று எந்தக் குறிமுறையையும் இயக்க முடியும் என்பதால், அங்கே கணுக்களுக்கு நடுவே வகை எல்லை எதுவும் இல்லை. நம்பிக்கை மாறும் இடத்தில் அந்த இணைப்பை வைக்காமல், வரையறுத்த செய்திகள் மட்டும் போகும் ஏபிஐ ஒன்றை வையுங்கள்.

3. எண்களுக்கும் சரங்களுக்கும் பெயர் கொடுங்கள்

நோயாளி எண், மருத்துவர் எண், மாதிரி எண் ஆகிய மூன்றும் 64 பிட் முழு எண்ணாக இருந்தால், அழைக்கும் இடத்தில் இரண்டு இடம் மாறினாலும் கம்பைலருக்குத் தெரியாது; ஒருவருடைய முடிவு இன்னொருவரிடம் போய்ச் சேரும். ஒவ்வொன்றையும் தனித்தனி வகையாக்குங்கள். ரஸ்டிலும் ஹாஸ்கெல்லிலும் இப்படி உறையிடுவதற்கு இயங்கு நேரச் செலவு கிடையாது. ஜாவாவில் சில இடங்களில் கூடுதல் பொருள் உருவாகும், ஆனால் வலையமைப்பு அழைப்பின் நேரத்தோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத் தக்கதில்லை. இந்தப் படிக்கு அதிக யோசனை தேவையில்லை, பொறுமை தேவை. முழுக் குறிமுறையையும் ஒரே மூச்சில் மாற்ற முயலாமல், எல்லைப் படத்தில் உள்ள ஒரு கோட்டை எடுத்து, அதன் இரு பக்கத்தையும் மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

4. வாயிலில் பைட்டுகளை வகையாக மாற்றுங்கள்

அதிக நேரத்தை ஒதுக்க வேண்டிய படி இது. வலையமைப்பிலிருந்து வரும் எதற்கும் வகை கிடையாது என்பதை அடிப்படை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சேவைக்கும் ஒரே ஒரு வாயில் மாட்யூல் இருக்க வேண்டும்; உள்ளே வரும் பைட்டுகள் அங்கே முழுமையாகச் சோதிக்கப்பட்டு, ஒன்று உறுதியான வகை கொண்ட மதிப்பாக மாற வேண்டும், இல்லையேல் பிழையாக வெளியேற வேண்டும். உள்ளே இருக்கும் குறிமுறை மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டிய நிலை வந்தால், வாயில் தன் வேலையை முடிக்கவில்லை என்று பொருள்.

இதற்கு வழக்கமான முறை, வகையின் உட்பகுதியை மறைத்து, சோதித்து உருவாக்கும் ஒரு செயற்கூறை மட்டும் வெளியே காட்டுவது. இங்கே பலர் விழும் பொறி ஒன்று உண்டு. ரஸ்டில் பைட்டுகளைத் தரவு மதிப்பாக மாற்றித் தரும் செர்டி லைப்ரரியின் தானியங்கி வாசிப்பை அந்த வகையின்மேல் போட்டால், அது உங்கள் சோதனைச் செயற்கூறை அழைக்காமலே மறைந்திருக்கும் உறுப்பை நேராக நிரப்பிவிடும். வகை இருக்கிறது, சோதனை நடக்கவில்லை. குறிமுறையைப் படிப்பவருக்கோ எல்லாம் சரியாகவே தெரியும். சோதனை வழியாக மட்டுமே மாற்று என்று சொல்லும் ‘டிரை ஃப்ரம்’ பண்புக்கூறை அந்த வகைக்குக் கொடுத்தால் இந்த வழி அடைபடும். மற்ற மொழிகளில் தானாக வாசிக்கும் லைப்ரரியைப் பயன்படுத்தும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள்: இது என் சோதனையைத் தாண்டிச் செல்கிறதா?

எண்கள் இரண்டாவது பொறி. ஜாவாஸ்கிரிப்டின் எண் வகை 9007199254740991 வரையிலான முழு எண்களையே பிழையின்றித் தாங்கும். அதற்கு மேற்பட்ட 64 பிட் எண்ணை ஜேசானில் எண்ணாகவே அனுப்பினால், மறுமுனையில் அது சத்தமில்லாமல் அருகிலுள்ள வேறோர் எண்ணாக மாறக்கூடும், அந்த வேறோர் எண் வேறொரு நோயாளியுடையதாகவும் இருக்கக்கூடும். அடையாள எண்களைச் சரமாக அனுப்பி, வாயிலில் வகையாக மாற்றுங்கள்.

மூன்றாவது, ஒரே செய்தியை இரண்டு லைப்ரரிகள் இரண்டு விதமாகப் படிப்பது. ஜேசானில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தரநிலை கட்டாயமாக வரையறுக்கவில்லை. அப்பாச்சி கவுச்டிபி தரவுத்தளத்தில், பொதுப் பாதுகாப்புக் குறைப் பட்டியலில் சிவிஇ-2017-12635 என்று பதிவான பாதுகாப்புக் குறை இதிலிருந்தே பிறந்தது: ‘ரோல்ஸ்’ (பயனரின் பொறுப்புகள்) என்ற பெயர் இரண்டு முறை வந்த ஆவணத்தில், சோதனை செய்த ஜாவாஸ்கிரிப்ட் பகுதி கடைசி மதிப்பைப் பார்த்தது, அதிகாரம் வழங்கிய எர்லாங் பகுதி முதல் மதிப்பைப் பார்த்தது, சாதாரணப் பயனர் நிர்வாகியாக முடிந்தது. இரு பக்கத்திலும் வகைகள் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் இதைத் தடுத்திருக்காது. சோதித்தது எந்த மதிப்போ அதே மதிப்புத்தான் உள்ளே பயன்பட வேண்டும். மூலப் பைட்டுகளை உள்ளே கடத்தி இன்னோரிடத்தில் மீண்டும் பிரிக்கக் கூடாது.

ஜாவாவின் உள்ளமைப் பொருள் வாசிப்பு, பைத்தானின் பிக்கிள் போன்றவற்றை எல்லையில் வைக்கவே வைக்காதீர்கள். எந்த வகைப் பொருளை உருவாக்குவது என்ற முடிவை அவை வரும் பைட்டுகளிடமே விட்டுவிடுகின்றன. பிக்கிள் வழியாகத் தாக்குபவரின் குறிமுறையே இயங்கிவிடும்.

இங்கே தேவைப்படும் இரண்டாவது ஆவணம் செய்தி வரையறைக் கோப்பு. செய்திகளை வரையறுத்துப் பைட்டுகளாக்கும் புரோட்டோபஃப் கருவியைப் பயன்படுத்தினால், அதன் மூன்றாம் வடிவில் ‘ஆப்ஷனல்’ என்று குறிக்காத எண் புலம் வராமல் போனதா, பூஜ்யமாக வந்ததா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. அனுமதி நிலை போன்ற புலத்தில் பூஜ்யத்துக்கு ‘அனுமதி உண்டு’ என்ற பொருள் இருந்தால், புலத்தை விட்டுவிட்டாலே அனுமதி கிடைத்துவிடும். பட்டியல் வகைகளில் (குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டுமே ஏற்கும் ‘எனம்’ வகைகளில்) பூஜ்யத்தை எப்போதும் ‘குறிப்பிடப்படவில்லை’ என்று வைத்து, வாயிலில் அதை மறுத்துவிடுங்கள். புரோட்டோபஃப் உருவாக்கித் தரும் வகைகளை உள்ளே புழங்கவும் விடாதீர்கள். அவை போக்குவரத்துக்கான வகைகள். உங்கள் வகைகளுக்கு அவற்றை மாற்றும் வேலை அலுப்பூட்டும். ஆனாலும் பாதுகாப்பின் பெரும்பகுதி அந்த மாற்றத்தில்தான் நடக்கிறது.

5. அனுமதியை மதிப்பாகக் கையளியுங்கள்

‘இந்த மருத்துவர் இந்த நோயாளியின் முடிவைப் பார்க்கலாமா’ என்று சோதித்து, ஆம் அல்லது இல்லை என்ற விடையைப் பெறும் பழக்கத்தைக் கைவிடுங்கள். சோதனை நடந்ததற்குச் சான்றாக ‘பார்வை அனுமதி’ என்ற வகையின் மதிப்பு ஒன்றை அந்தச் செயற்கூறு திருப்பித் தரட்டும். முடிவைப் படிக்கும் செயற்கூறு அந்த மதிப்பைக் கட்டாய உள்ளீடாகக் கேட்கட்டும். சோதனையை மறந்த குறிமுறை அதன்பிறகு கம்பைல் ஆகாது. யாருக்கு, எந்த நோயாளிக்கு என்ற விவரம் அனுமதிக்குள்ளேயே இருக்க வேண்டும். படிக்கும் செயற்கூறு நோயாளி எண்ணைத் தனியாகப் பெறாமல் அனுமதியிலிருந்தே எடுத்தால், ஒருவருக்கான அனுமதியைக் காட்டி இன்னொருவரின் முடிவைப் பெறும் வழியும் அடைபடுகிறது.

இந்த மதிப்பைப் போலியாக உருவாக்க முடியாது என்ற உறுதி ஒரு நிரலுக்குள் மட்டுமே செல்லும். அடுத்த சேவைக்கு அனுப்பும்போது அதுவும் பைட்டாகிவிடுவதால், சாவி இல்லாதவர் போலியாக்க முடியாத எச்மேக் அல்லது எட்25519 போன்ற முறையில் கையொப்பமிட்டு அனுப்பி, மறுமுனையின் வாயிலில் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே மீண்டும் வகையாக்க வேண்டும். காலமும் வகைக்குத் தெரியாது. காலையில் பெற்ற அனுமதி மாலையில் திரும்பப் பெறப்பட்டிருக்கலாம். ஆகவே அனுமதி மதிப்பை ஒரு கோரிக்கையின் ஆயுளுக்கு மேல் எங்கும் சேமிக்காதீர்கள், தரவுத்தளத்தில் எழுதவே எழுதாதீர்கள்.

6. இரகசியம் எங்கே போகிறது என்று கம்பைலரைக் கேளுங்கள்

அனுமதி கேட்பது கதவில் நடக்கும் சோதனை; உள்ளே வந்தவர் எடுத்த தகவலை எங்கே கொண்டுபோகிறார் என்பதை அது பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பதற்காகவே தகவல் ஓட்டத்துக்கான வகை அமைப்புகள் உருவாயின. ஒவ்வொரு மதிப்பின் வகையிலும் ‘யார் படிக்கலாம்’ என்ற குறி ஒட்டியிருக்கும். உயர்ந்த குறியுள்ள மதிப்பு தாழ்ந்த குறியுள்ள இடத்துக்குப் போனால் கம்பைலர் மறுத்துவிடும். ஜாவாவை நீட்டித்த ஜிஃப், அதைப் பரவல் அமைப்புகளுக்குக் கொண்டுசென்ற ஃபேப்ரிக் ஆகியவை இப்படிக் கட்டப்பட்ட ஆய்வு மொழிகள். அன்றாட வேலைக்கு அவற்றை எடுக்க முடியாவிட்டாலும், அவற்றின் கையேடுகளைப் படிப்பது உங்கள் கண்ணைப் பழக்கும்.

சாதாரண மொழியில் செய்யக்கூடியது, இரகசிய மதிப்பைச் சுற்றி ஓர் உறை வகை எழுதுவது. அந்த உறைக்கு அச்சிடும் திறன் இருக்கக் கூடாது, அச்சிட்டால் ‘மறைக்கப்பட்டது’ என்று மட்டும் வரட்டும். பைட்டாக மாறும் திறனும் இருக்கக் கூடாது. லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பில் கடவுச்சொல் கசிவது, கட்டணச் சேவைக்குப் போகும் செய்தியில் பரிசோதனை முடிவு தவறுதலாக ஏறிவிடுவது ஆகிய இரண்டும் இதனால் பெருமளவு நின்றுவிடும். பிழைச் செய்திகளை மறக்காதீர்கள்: வாயிலில் ஒரு மதிப்பு மறுக்கப்படும்போது, பல லைப்ரரிகள் அந்த மதிப்பையே மேற்கோளாகப் பிழைச் செய்தியில் போட்டு லாக்குக்கு அனுப்புகின்றன.

உறையால் பிடிக்க முடியாத கசிவு ஒன்று உண்டு. முடிவு வழக்கத்துக்கு மாறாக இருந்தால் மட்டும், மறுபரிசோதனைக்கான கட்டணத்தைப் பதியுமாறு கட்டணச் சேவைக்கு ஒரு செய்தி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தியில் முடிவு இல்லை. ஆனால் செய்தி வந்ததே முடிவைச் சொல்லிவிடுகிறது. ஜிஃப் போன்ற மொழிகள், இரகசியத்தைச் சார்ந்த கிளைக்குள் நுழைந்ததும் அந்த இடத்தின் குறியையே உயர்த்திவிடுவதால், உள்ளிருந்து தாழ்ந்த இடத்துக்குச் செய்தி அனுப்புவதை மறுத்துவிடும். நமக்கு அந்த வசதி இல்லாதபோது, உறையைத் திறக்கும் செயற்கூறை மிகச் சில மாட்யூல்களுக்கு மட்டும் கொடுத்து, அங்குள்ள ஒவ்வொரு நிபந்தனைக் கிளையையும் மனிதர் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும்.

எந்தத் தகவலும் வெளியே போகக் கூடாது என்றால் அமைப்பே பயனற்றது. ‘உங்கள் முடிவு தயார்’ என்ற குறுஞ்செய்தி போகத்தான் வேண்டும். அப்படி வெளிவிடும் இடங்களைத் தனிச் செயற்கூறுகளாக்கி, ஒவ்வொன்றையும் மூன்றாவது ஆவணமான விலக்குப் பதிவேட்டில் எழுதுங்கள்: எது வெளிவருகிறது, யாருக்கு, ஏன், யார் ஒப்புதல் தந்தார். வெளிவிடலாமா என்ற முடிவு, நம்பத்தகாத இடத்திலிருந்து வந்த புலத்தைச் சார்ந்திருக்கக் கூடாது. கோரிக்கையிலேயே ‘விவரத்தைக் காட்டு’ என்ற புலத்தை வைத்து அதன்படி உறையைத் திறக்கும் குறிமுறை, திறவுகோலைத் தாக்குபவரிடமே கொடுத்துவிடுகிறது.

7. உரையாடலின் வரிசையை வகையாக்குங்கள்

மாதிரி பெறப்பட்டது, சோதிக்கப்பட்டது, மருத்துவர் உறுதிசெய்தார், வெளியிடப்பட்டது என்ற வரிசையில் ஒரு படியைத் தாண்டிச் செல்ல முடிந்தால் அதுவே ஒரு பாதுகாப்புக் குறை. ஒவ்வொரு நிலையையும் தனி வகையாக்கி, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாற்றும் செயற்கூறு பழைய மதிப்பை விழுங்கிவிடுமாறு எழுதினால், ரஸ்ட் போன்ற மொழிகளில் வரிசை தவறிய குறிமுறை கம்பைல் ஆகாது. இரண்டுக்கு மேற்பட்ட தரப்புகள் பேசும் உரையாடல்களுக்கு, யார் எப்போது என்ன அனுப்பலாம் என்பதை வகையாக எழுதும் அமர்வு வகைகள் என்ற முறை இருக்கிறது. ஸ்கிரிபிள் என்ற நெறிமுறை மொழியில் முழு உரையாடலையும் ஒருமுறை எழுதினால், ஒவ்வொரு தரப்புக்கும் உரிய பகுதி அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும். நான்காவது ஆவணமான வரிசைப் படத்தை நீங்கள் கையால் வரைந்தாலும், இந்த முறையில் சிந்தித்து வரைவது நல்லது.

அமர்வு வகைகளின் உறுதி, இரு முனைகளும் அதே வகைக்குக் கட்டுப்பட்டு எழுதப்பட்டிருக்கும்போது மட்டுமே நிற்கும். மறுமுனை உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாதபோது, வரிசையை இயங்கு நேரத்திலும் கண்காணிக்க வேண்டும். ரஸ்டில் ஒரு மதிப்பைப் பயன்படுத்தாமல் பாதியிலேயே கைவிடவும் முடியும் என்பதால், உரையாடல் நடுவில் நின்றுபோவதைக் கம்பைலர் தடுக்காது. காலக்கெடு ஒவ்வொரு படிக்கும் தேவை.

8. பதிப்பு மாற்றத்துக்குக் காலம் ஒதுக்குங்கள்

கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு நிரலின் ஒரு பதிப்பை மட்டுமே பார்க்கிறது. புதிய பதிப்பைச் சிறிதுசிறிதாக ஏற்றும் எந்த அமைப்பிலும், பழையதும் புதியதும் சிறிது காலமாவது ஒன்றாக இயங்கும். நீங்கள் ஒரு பட்டியல் வகையில் புதிய உறுப்பைச் சேர்த்து, எல்லாக் கிளைகளையும் கம்பைலர் சொன்னபடி நிரப்பியிருக்கலாம். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் பழைய பிரதி அந்த உறுப்பை அறியாது. அதனால் பெறும் சேவையை முதலில் ஏற்றி, எல்லாப் பிரதிகளும் மாறிவிட்டன என்று உறுதிசெய்த பிறகே அனுப்பும் சேவையை ஏற்றுங்கள். ஒரே நாளில் முடியும் என்று தோன்றும் மாற்றம் இரண்டு வெளியீடுகளாகப் பிரிவதைத் திட்டத்தில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். வரிசையில் தேங்கிக் கிடக்கும் பழைய செய்திகள் தீரும் காலமும் அதில் அடங்கும்.

அறியாத உறுப்பு வந்தால் மறுப்பதே அனுமதி சார்ந்த புலங்களுக்கு உரிய வழி. புரோட்டோபஃபில் நீக்கிய புலத்தின் எண்ணை ‘ரிசர்வ்டு’ என்று குறித்துவிடுங்கள். அதை வேறு பொருளில் மீண்டும் பயன்படுத்தினால், பழைய பிரதி புதிய தரவைப் பழைய பொருளில் படிக்கும்.

9. கம்பைல் ஆகக் கூடாதவற்றையும் சோதியுங்கள்

வகைகளால் தடுத்ததாக நீங்கள் நம்பும் ஒவ்வொரு தவற்றுக்கும், அந்தத் தவற்றைச் செய்யும் சிறு குறிமுறை ஒன்றை எழுதி, அது கம்பைல் ஆகாமல் இருப்பதைத் தானியங்கிச் சோதனையில் உறுதிசெய்யுங்கள். ரஸ்டில் ஆவணச் சோதனைகளிலேயே இதற்கு வசதி இருக்கிறது. டைப்ஸ்கிரிப்டில் அடுத்த வரியில் பிழை எதிர்பார்க்கப்படுகிறது என்று சொல்லும் குறிப்பு உண்டு. யாரோ ஒருவர் அவசரத்தில் மறைந்திருந்த உறுப்பை வெளிக்காட்டிவிட்டால், அன்றே தெரிந்துவிடும். இரண்டாம் படியில் எழுதிய ஓட்டைப் பட்டியலையும் தானியங்கி விதிகளாக்கி, விலக்குப் பதிவேட்டில் இல்லாத ஓட்டை குறிமுறையில் தென்பட்டால் அந்த மாற்றத்தை முதன்மைக் குறிமுறையோடு சேர்க்க மறுக்கச் செய்யுங்கள்.

10. வகைகள் தொடாத இடங்களைப் பிரித்து ஒப்படையுங்கள்

பழைய செய்தியையே மீண்டும் அனுப்பும் தாக்குதல், மிகப் பெரிய செய்தியால் நினைவகத்தை நிரப்புவது, பதில் வர எடுக்கும் நேரத்தை வைத்து இரகசியத்தை ஊகிப்பது, திருடப்பட்ட சாவி, நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரியிலேயே புகுத்தப்பட்ட குறிமுறை ஆகிய எதையும் மேலே சொன்ன வகைகள் தடுப்பதில்லை. எல்லைப் படத்தின் அடியில் இவற்றை ஒவ்வொன்றாக எழுதி, எதிரே தடுக்கும் வழியையும் பொறுப்பாளரின் பெயரையும் போடுங்கள்: மீளனுப்பலுக்கு ஒருமுறை மட்டும் செல்லும் எண்ணும் காலாவதி நேரமும், அளவுக்கு வாயிலில் பிரிப்பதற்கு முன்பே ஒரு வரம்பு, இணைப்புக்கு இரு முனையும் சான்றிதழ் காட்டும் டிஎல்எஸ் (மறையாக்கப்பட்ட இணைப்பு நெறிமுறை), சாவிகளுக்கு மாற்றும் கால அட்டவணை. பெயர் எழுதப்படாத வரி இருக்கும்வரை அந்தப் படத்துக்கு ஒப்புதல் கொடுக்காதீர்கள்.